கீழ்க்கோர்ட்டில் போனால் போகட்டும், ஹைகோர்ட்டில் பார்த்துக்கலாமா?

கேள்வி: பேரணாம்பட்டு வாசகர், ஜூன் 3

தாத்தா காலத்து நிலம். சித்தப்பா வீட்டார் மேல் பாகப்பிரிவினை வழக்கு, குடியாத்தம் சப் கோர்ட்டில் நடக்கிறது. சாட்சி விசாரணை தொடங்கப் போகிறது. எங்கள் வக்கீல், "இங்க எப்படிப் போனாலும் கவலைப்படாதீங்க, இதெல்லாம் ஹைகோர்ட்ல முடிவாகிற விஷயம்" என்கிறார். விசாரணை வக்கீல் வேறு, அப்பீல் வக்கீல் வேறு, இப்போதே சென்னையில் ஒரு பெரிய ஆளைப் பார்த்து வை என்கிறார் மாமா. நீங்கள் இரண்டும் செய்கிறவர் என்பதால் கேட்கிறேன்.

ஜூன் 3, இரவு

பார்த்து வையுங்கள் தம்பி, தப்பில்லை. ஆனால் அந்தப் பெரியவர் கைக்குப் போய்ச் சேரப்போவது குடியாத்தத்தில் தயாரான வழக்குக் கட்டு மட்டும்தான். பிராது, எதிர்வழக்குரை, வாக்குமூலங்கள், குறியிட்ட ஆவணங்கள், தீர்ப்பு. அதில் இல்லாததை எவ்வளவு பெரிய ஆளாலும் வாதாட முடியாது. உங்கள் அத்தை கூண்டில் ஏறி அழுதாலும் கட்டில் ஒரு சொட்டு ஈரம் இருக்காது.

இன்னொன்று. "ஹைகோர்ட்ல முடிவாகிற விஷயம்" என்கிறாரே, முதல் அப்பீல் ஹைகோர்ட்டுக்குத்தான் போகும் என்று யார் சொன்னது? வழக்கு மதிப்பைப் பொறுத்து அது நம் ஜில்லா கோர்ட்டுக்கே வரலாம். வந்தால், ஹைகோர்ட்டில் நீங்கள் போடுவது இரண்டாவது அப்பீல். சி.பி.சி. என்கிற சிவில் நடைமுறைச் சட்டத்தின் 96-ஆம் பிரிவில் வரும் முதல் அப்பீலில் சாட்சியத்தை முழுக்கப் புரட்டிப் பார்க்கலாம். 100-ஆம் பிரிவில் வரும் இரண்டாவது அப்பீலில் முக்கியமான சட்டக் கேள்வி ஒன்றைக் காட்டினால்தான் கதவே திறக்கும். 1976 திருத்தத்துக்குப் பிறகு அந்தக் கதவு ரொம்பக் குறுகல். சித்தப்பா எந்த வருஷத்திலிருந்து தனியாகப் பயிர் வைக்கிறார் என்பதெல்லாம் அங்கே போய்ப் பேசும் விஷயம் இல்லை.

ஜூன் 4, கோர்ட்டுக்குக் கிளம்பும் முன்

கெடு பற்றிச் சிலர் கேட்டிருக்கிறார்கள். சிவில் அப்பீல் ஜில்லா கோர்ட்டுக்கு என்றால் 30 நாள், ஹைகோர்ட்டுக்கு என்றால் 90 நாள். நகல் வாங்கப் பிடிக்கும் நாள்களைக் கழித்துக்கொள்ளலாம். ஆகவே தீர்ப்பு வந்த அன்றே நகல் மனு. அழுகை, சண்டை, குலதெய்வம் எல்லாம் மறுநாள்.

அப்பீல் போட்டாலே கீழ்த்தீர்ப்பு நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். சி.பி.சி. ஆர்டர் 41 ரூல் 5. தடை வேண்டுமென்றால் தனி மனு போட்டுத் தனியாக வாங்க வேண்டும்.

ஜூன் 5

எப்படி இரண்டும் செய்கிறவன் ஆனேன் என்று ஒருவர். திட்டம் எதுவும் இல்லை. நான் மெட்ராஸில் படித்துவிட்டு ஊர் திரும்பிய காலத்தில் வேலூரில் சட்டக் கல்லூரியே கிடையாது. 2008-இல்தான் வந்தது. சேர்ந்த ஆபீசில் சீனியர் அப்பீல் கட்டுகளை மட்டும் தன் மேஜையில் வைத்துக்கொள்வார், விசாரணைகளை எங்கள் பக்கம் தள்ளிவிடுவார். முன்சீப் கோர்ட்டில் நான் நடத்திய வழக்கே சில வருஷம் கழித்து அப்பீலாக அவர் மேஜைக்கு வரும். நான் வாசிக்க வேண்டும், அவர் கண்ணை மூடிக் கேட்பார். நடுவில், "இந்தக் கேள்வி எதுக்குக் கேட்ட?" என்பார். நான் கற்றது அந்த நாற்காலியில்தான்.

விசாரணைக்குக் காது வேண்டும், அப்பீலுக்குக் கண் வேண்டும் என்று அவர் சொன்னதாக எழுத ஆசை. அவர் அப்படியெல்லாம் பேசுகிறவர் இல்லை. "பக்கத்தைச் சொல்லு" என்பார், அவ்வளவுதான்.

அப்புறம் ஹைகோர்ட். வேலூரிலிருந்து போய்வருகிற வக்கீல்கள் தனி ரகம். காட்பாடியில் விடியற்காலை ஏலகிரி எக்ஸ்பிரஸ், மடியில் டைப்டு செட் (டைப் அடித்த வழக்குக் காகிதங்கள்), பையில் மடித்து வைத்த கவுன். வழக்கைக் கூப்பிடாமலே பொழுது போய், பாரிமுனையில் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பிய நாள்கள் உண்டு. கட்சிக்காரருக்கு அதைப் புரியவைப்பது வாதாடுவதைவிடக் கஷ்டம்.

ஜூன் 8, ஞாயிறு

வாக்குமூலம் எப்படிப் பதிவாகிறது என்று பார்க்காதவர்களுக்காக இதைக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

குறுக்கு விசாரணையில் நான் கேட்கிறேன்: "பத்திரம் எழுதின அன்னைக்கு நீங்க ஆம்பூர்லதான இருந்தீங்க?" சாட்சி வாசலில் நிற்கும் மகனைத் திரும்பிப் பார்க்கிறார். தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைக்கிறார். அப்புறம், "இருந்திருப்பேங்க." நீதிபதி டைப்பிஸ்ட்டுக்குச் சொல்வது: "பத்திரம் எழுதிய அன்று நான் ஆம்பூரில் இருந்தேன் என்றால் இருக்கலாம்."

மகனும் இல்லை, துண்டும் இல்லை. ஹாலில் இருந்த எல்லோருக்கும் பொய் தெரிந்தது, காகிதத்துக்குத் தெரியாது. சாட்சியின் நடத்தையை நீதிபதி குறித்து வைக்கலாம் என்று ஆர்டர் 18 ரூல் 12-இல் இடம் இருக்கிறது. யாரும் எழுதி நான் பார்த்ததில்லை என்றே சொல்லலாம். அதனால் அடுத்த கேள்வியை இப்படிக் கேட்பேன்: "இதுக்குப் பதில் சொல்றதுக்கு முன்னாடி வாசல்ல நிக்கிற உங்க மகனைப் பார்த்தீங்க இல்ல?" பார்த்தேன் என்றாலும் பார்க்கவில்லை என்றாலும் மகன் பதிவில் ஏறிவிடுவான்.

2002-க்குப் பிறகு சிவில் வழக்கில், சாட்சியைக் கூப்பிட்ட தரப்பே நடத்தும் முதல் விசாரணை நிரூபண வாக்குமூலமாக எழுத்தில் வருகிறது. அதைத் தயாரிப்பது வக்கீல் ஆபீஸ். ஆகவே மளிகைக்கடைக்காரரும் ரிட்டையர்ட் தாசில்தாரும் ஒரே நடையில் பேசுவார்கள். ஆள் யார் என்று தெரிவது குறுக்கு விசாரணையில்தான்.

இப்போது உயில் கதை. காட்பாடிப் பக்கம் ஒரு வீட்டுமனை. நான் உயிலை ஆதரிக்கும் தரப்பு. உயில் என்றால் சான்றொப்பமிட்ட சாட்சி ஒருவரையாவது கூண்டில் ஏற்ற வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் 68, இப்போது பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தில் 67. எங்கள் சாட்சி கடை வைத்து ஓய்ந்த முதியவர். எதிர்த்தரப்பு வக்கீல் கெட்டிக்காரர், பெயர் வேண்டாம். கேட்டார்: "அவர் கையெழுத்து போடும்போது நீங்க எங்க இருந்தீங்க?"

"நான் போனப்பவே போட்டு வெச்சிருந்தாருங்க."

நான் தலையைக் குனிந்து கட்டைப் புரட்டுகிற மாதிரி இருந்தேன். அந்த இடத்தில் கேள்வியை நிறுத்திவிட்டு அந்த வக்கீல் உட்கார்ந்திருந்தால் எங்கள் பாடு திண்டாட்டம். உட்காரவில்லை. கையில் கிடைத்ததை அழுத்திப் பார்க்க ஆசை. "அப்போ அவர் போட்டதை நீங்க பார்க்கவே இல்ல, யாரோ போட்டுக் குடுத்த காகிதத்துல கையெழுத்து போட்டீங்க, அப்படித்தான?"

முதியவருக்குக் கோபம் வந்துவிட்டது. "யாரோ எதுக்குங்க போடறாங்க? 'இது நான் போட்டதுதான், நீயும் போடு'ன்னு அவரே எங்கிட்ட குடுத்தாரு. அவர் எதிர்லயே போட்டேன்."

வாரிசுரிமைச் சட்டம் 63-ஐத் தெரிந்தவர்கள் இங்கே சிரிப்பார்கள். மற்றவர்களுக்கு: உயில் எழுதியவர் கையெழுத்துப் போடுவதைச் சாட்சி பார்த்திருக்க வேண்டும், அல்லது "இது என் கையெழுத்து" என்று அவரே சாட்சியிடம் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். அதோடு சாட்சி அவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். நாங்கள் எழுதிய நிரூபண வாக்குமூலத்தில்கூட இவ்வளவு சுத்தமாக இல்லை.

ஜூன் 8, இரவு

குடியாத்தத்து வக்கீல் நண்பர் பிடித்துக்கொண்டார்: "அவர் உட்கார்ந்திருந்தாலும் நீங்கள் மறுவிசாரணையில் அதையே கேட்டு வாங்கியிருக்கலாமே? பெரிசாகச் சொல்கிறீர்கள்."

கேட்டிருக்கலாம். ஆனால் மறுவிசாரணையில், அதாவது குறுக்கு விசாரணைக்குப் பிறகு நம் சாட்சியை நாமே மறுபடி கேட்கும்போது, பதிலை வாயில் ஊட்டிக் கேட்க முடியாது. "அப்புறம் என்ன நடந்தது?" என்று பொதுவாகத்தான் கேட்க வேண்டும், முதியவர் "காபி குடுத்தாங்க" என்று முடித்திருக்கவும் கூடும். சொன்னாலும் அது தன் வக்கீல் தட்டி எடுத்த பதில். எதிரி கேட்டுக் கோபத்தில் வந்த பதிலின் கனம் அதற்கு வராது. அப்பீலில் உட்கார்ந்து வாசிக்கும் நீதிபதி, பதில் வந்தது குறுக்கு விசாரணையிலா மறுவிசாரணையிலா என்று முதலில் பார்ப்பார். நானே அப்பீல் கட்டை வாசிக்கும்போது அதைத்தான் பார்க்கிறேன்.

அவர் கேட்ட இன்னொன்று: இரண்டாவது சான்றொப்ப சாட்சியைப் பற்றியும் இவர் சொல்லியிருக்க வேண்டுமே? சொல்லியிருந்தார், நிரூபண வாக்குமூலத்தில். குறுக்கு விசாரணையில் அந்தப் பகுதியை யாரும் தொடவில்லை. தொடாமல் விட்டால் மறுக்கவில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். 1893-இல் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை பிரவுன் எதிர் டன் வழக்கில் சொன்னது, நம் ஊர் முன்சீப் கோர்ட் வரைக்கும் வந்து உட்கார்ந்திருக்கிறது. உன் தரப்பு வாதம் எதுவோ அதைச் சாட்சி முகத்துக்கு நேரே சொல்லிவிடு, மறுத்தால் மறுக்கட்டும். "என்று சொன்னால் சரியல்ல" என்று முடிகிற வரிகள் வாக்குமூலத்தில் வரிசையாக நிற்பது அதனால்தான்.

ஜூன் 11

கிரிமினலில் இதையே இரண்டு கட்டமாகச் செய்ய வேண்டும், இளையவர்கள் கோட்டை விடுவது அங்கேதான். அ.சா.1, அதாவது அரசுத் தரப்பு முதல் சாட்சி, கோர்ட்டில் "கத்தியை எடுத்தது இவன்தான்" என்கிறார். போலீஸ் விசாரணையில் கத்தியைப் பற்றியே பேச்சில்லை. "போலீஸ்கிட்ட இதைச் சொல்லல" என்று அவரிடம் கேட்கிறோம். "சொன்னேன்" என்பார். அதோடு வேலை முடியவில்லை. பின்னால் விசாரணை அதிகாரி கூண்டில் ஏறும்போது, "அ.சா.1 உங்களிடம் இப்படிச் சொல்லவில்லை, சரிதானே?" என்று கேட்டு "சரிதான்" என்பதை வாங்க வேண்டும். அப்போதுதான் அது சாட்சியம். எதைச் சொல்லாமல் விட்டால் அது முரண்பாடு ஆகும் என்பதற்கு 1959-இல் வந்த தாசில்தார் சிங் தீர்ப்பை இன்றைக்கும் எடுத்துக் காட்டுகிறோம். 2024 ஜூலை 1 முதல் புதிய கிரிமினல் சட்டங்கள் வந்து பிரிவு எண்கள் எல்லாம் மாறிவிட்டன, வேலை மாறவில்லை.

சிக்கல் என்னவென்றால், அதிகாரி வருவதற்குள் மாதக்கணக்கில் ஆகிவிடும். ஊர் மாறியிருப்பார், நமக்கும் கட்டு மறந்திருக்கும். எங்கள் ஆபீசில் ஒரு நீளப் பேப்பர் கட்டின் முன்னாலேயே தைத்திருக்கும். இடது பக்கம் சாட்சி எண், நடுவில் கோர்ட்டில் சொன்னது, வலது பக்கம் "அதிகாரியிடம் கேள்". கேட்டதும் சிவப்புப் பேனாவில் ஒரு கோடு. தண்டனை வந்து அப்பீல் எழுத உட்கார்ந்தால் அந்தப் பேப்பரே பாதி அப்பீல் மெமோ.

ஜூன் 15

"வேலூரில் பெரிய வக்கீலே கிடையாதா?" என்று யாரோ கிண்டல். தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று ஏற்கெனவே நம் ஊரைப் பற்றிப் போதுமான அளவு சொல்லியாகிவிட்டது ஐயா. வி.எல். எதிராஜ் இங்கே பிறந்தவர், 1890. பெயரின் முதல் எழுத்தே வேலூர்தான். வெள்ளைக்காரர் காலத்தில் கிரவுன் பிராசிக்யூட்டர் ஆன முதல் இந்தியர். 1948-இல் அவர் தொடங்கிய பெண்கள் கல்லூரியைச் சென்னையில் எல்லோருக்கும் தெரியும்.

நம் தலைப்புக்கு அவரை இழுக்கக் காரணம் லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் ஜூரி முன்னால் விசாரிக்கப்பட்டு 1945-இல் தண்டனை பெற்றார்கள். சென்னையில் அப்பீல் தோற்றது. அன்றைக்கு நமக்குக் கடைசி அப்பீல் மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், அங்கிருந்து மறுபடி சென்னை ஹைகோர்ட்டுக்கே திரும்பி, 1947 ஏப்ரலில் விடுதலை. அந்தச் சுற்றில் எதிராஜ் வாதாடினார். பிராசிக்யூஷன் பக்கம் அவ்வளவு காலம் நின்றவருக்கு, பிராசிக்யூஷன் சாட்சியத்தில் மூட்டு எங்கே பலவீனம் என்று தெரியாமலா இருக்கும்? என் கணிப்பு இது, ஆதாரம் கேட்காதீர்கள். இரண்டு பக்கமும் நின்றவர்களுக்கு அப்பீல் கட்டு வேறு மாதிரி தெரியும்.

ஜூன் 16

"அப்போ மாமா சொன்னதுதானே சரி? கீழே தோற்றவர்கள் மேலே ஜெயித்தார்களே" என்கிறார் வாணியம்பாடி அண்ணன். நல்ல குத்து. ஆனால் அப்பீலில் எடுத்துக்காட்டிய ஓட்டைகளும் விசாரணைப் பதிவிலிருந்தவைதானே. கீழே குறுக்கு விசாரணை செய்தவர்கள் அவற்றைப் பதிவில் ஏற்றாமல் விட்டிருந்தால் மேலே எடுத்துக்காட்ட என்ன இருந்திருக்கும்? தவிர, பாகவதரின் அந்த இரண்டரை வருஷ ஜெயிலை எந்த அப்பீலும் திருப்பித் தரவில்லை.

ஜூன் 22

தோல் தொழிற்சாலை வழக்கை மறந்துவிட்டேனா என்று ராணிப்பேட்டையிலிருந்து ஒருவர். மறக்கவில்லை, தயங்கினேன். வேலூர் குடிமக்கள் நலச் சங்கம் எதிர் இந்திய அரசு, 1996 ஆகஸ்ட் 28. "மாசு செய்தவரே ஈடு கொடுக்க வேண்டும்" என்ற கொள்கையும் முன்னெச்சரிக்கைக் கொள்கையும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு சொன்ன தீர்ப்பு. நாட்டில் எந்தச் சட்டக் கல்லூரி மாணவரும் வேலூர் பெயரை எழுதாமல் பரீட்சை தாண்ட முடியாது. நம் ஜில்லா அதில் "வட ஆற்காடு அம்பேத்கர்" என்றே வருகிறது. தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியோ முழுக்கவோ கெட்டுப்போனது என்ற கணக்கும், தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதமும் அதில் உண்டு.

அந்த வழக்கு அரசியலமைப்பின் ஷரத்து 32-இல் நேராக உச்ச நீதிமன்றம் போனது. முன்சீப்பும் இல்லை, கூண்டும் இல்லை, குறுக்கு விசாரணையும் இல்லை. அறிக்கைகளையும் பிரமாணப் பத்திரங்களையும் வைத்தே தீர்ப்பு. விசாரணைக் கோர்ட்டில் வளர்ந்த எனக்கு முதலில் படித்தபோது கொஞ்சம் நெருடியது: ஒரு சாட்சியைக்கூடக் கூப்பிடாமல் இவ்வளவா? இன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. பாலாற்றங்கரைக் கிணறு ஒவ்வொன்றுக்கும் ஒரு விவசாயி வாணியம்பாடியில் நஷ்டஈடு வழக்குப் போட்டு நிரூபணத்துக்கு நின்றிருந்தால் பேரன்கள்கூட வாய்தா வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் பாருங்கள், கொள்கை வந்துவிட்டது, பணம் கைக்கு வருவது வேறு கதை. மீதி இழப்பீட்டைக் கொடு, கண்காணிக்கக் குழு போடு என்று 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்ற கேள்வி வந்ததும் மறுபடி சர்வே நம்பர், அடங்கல், பெயர்ப் பட்டியல். விசாரணைக் கோர்ட் வேலை எங்கும் தப்பாது.

ஜூன் 23

மேலே எழுதியதை இன்று மொத்தமாகப் படித்தேன். எல்லாக் கேள்வியையும் அப்பீலை மனதில் வைத்தே கேட்க வேண்டும் என்கிற தொனி வந்துவிட்டது. அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அப்படிச் செய்கிற வக்கீல்கள் இருக்கிறார்கள். "ரெக்கார்டுக்காக" என்று சொல்லிச் சொல்லி, மே மாத வேலூர் வெயிலில், நீதிபதி கர்சீப்பால் கழுத்தைத் துடைக்கத் துடைக்க, "என்று சொன்னால் சரியல்ல" என்று பதிவாகும் ரகத்தில் நாற்பதாவது ஆலோசனைக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். எதிரில் உட்கார்ந்திருக்கும் அந்த நீதிபதியை அவர்கள் எண்ணுவதே இல்லை. சாட்சியை நேரில் பார்த்தவர் அவர் ஒருவர்தான் என்பதால் அவர் முடிவில் கை வைக்க அப்பீல் கோர்ட் யோசிக்கும். இரண்டு கோர்ட்டும் ஒரே முடிவுக்கு வந்துவிட்டால் இரண்டாவது அப்பீலில் அந்தச் சுவரில் முட்டத்தான் முடியும். கிரிமினலில் விடுதலை கிடைத்துவிட்டால் அதைக் கலைப்பது இன்னும் கஷ்டம். 2007 சந்திரப்பா தீர்ப்பைப் படியுங்கள், குற்றமற்றவர் என்ற அனுமானம் விடுதலைக்குப் பிறகு இரட்டிப்பாகிறது. ஆகவே அப்பீலுக்கு நல்ல தயாரிப்பு கீழே ஜெயிப்பதுதான். இது என் முதல் பதிலுக்கு முரண் என்றால், இருக்கட்டும்.

என் ஜூனியர் அம்மா இதைப் படித்துவிட்டு, "சார், நீங்களே போன வாரம் 'ரெக்கார்டுக்காக'ன்னு சொன்னீங்க" என்கிறார். ஆட்சேபணை பதிவு செய்யப்பட்டது.

ஜூலை 6

அப்பீல் கட்டத்தில் வருகிற கட்சிக்காரர்களில் பாதிப் பேர் கையில் ஒரு மஞ்சள் பை இருக்கும். "இந்தப் பத்திரம் பீரோவுல இருந்துச்சு சார், இப்பத்தான் கிடைச்சுது." ஆர்டர் 41 ரூல் 27 இருக்கிறது, கூடுதல் சாட்சியம் கேட்கலாம். கீழே உரிய கவனம் எடுத்தும் கிடைக்கவில்லை என்று காட்ட வேண்டும். பீரோ உங்களுடையது, சாவி உங்களுடையது, எப்படிக் காட்டுவது? கீழ்க்கோர்ட் நியாயமில்லாமல் ஏற்க மறுத்த ஆவணம் என்றால் வழி உண்டு, தீர்ப்பு சொல்ல அப்பீல் கோர்ட்டுக்கே அது தேவைப்பட்டாலும் வழி உண்டு. மற்றபடி பெரும்பாலும் மனு தள்ளுபடி.

பேரணாம்பட்டுத் தம்பிக்கு: இந்த வாரமே வீட்டில் இருக்கும் மூலப்பத்திரம், வரி ரசீது, பழைய கடிதம் எல்லாவற்றையும் தரையில் பரப்பி உங்கள் வக்கீலை உட்காரவைத்துப் பாருங்கள். பாகப்பிரிவினையில் கிஸ்தி ரசீது யார் பெயரில் எந்த வருஷம் என்பது நூறு வார்த்தைக்குச் சமம். வில்லங்கச் சான்றை உங்கள் தாத்தா வாங்கின வருஷத்திலிருந்து எடுங்கள்.

ஜூலை 9

உயில் வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். முன்சீப் உயில் நிரூபணமானது என்றார். முதல் அப்பீலும் அப்படியே. இரண்டாவது அப்பீல், அதை விசாரணைக்கு ஏற்பதா என்று பார்க்கும் அட்மிஷன் கட்டத்திலேயே முடிந்தது, சட்டக் கேள்வி எதுவும் எழவில்லை. வழக்காடிய அண்ணன் தம்பி இருவரும் இப்போது அந்த மனையை ஒரே புரோக்கரிடம் விலை பேசுகிறார்கள்.

ஜூலை 13

சட்டக் கல்லூரி மாணவி ஒருவர், அப்பீல் பழக என்ன செய்யலாம் என்று கேட்கிறார். சேர்ந்த ஆபீசில் முடிந்துபோன கட்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள், ரொம்பப் பெரியது வேண்டாம். தீர்ப்பை மட்டும் ரப்பர் பேண்ட் போட்டுத் தனியே வையுங்கள். பிராது, எதிர்வழக்குரை, வாக்குமூலம் மட்டும் படித்து நீங்களே தீர்ப்பு எழுதுங்கள். ஆர்டர் 41 ரூல் 31 சொல்கிற மாதிரி, தீர்மானிக்க வேண்டிய பிரச்சினை என்ன, முடிவு என்ன, காரணம் என்ன. அப்புறம் உண்மைத் தீர்ப்பைப் பிரியுங்கள். முடிவு வேறானால் கவலையில்லை. எந்தப் பக்கத்து எந்த வரியை நீதிபதி பிடித்தார், அதை நீங்கள் படிக்காமல் தாண்டினீர்களா என்று மட்டும் பாருங்கள். ஹைகோர்ட் விசாரணையை இப்போது வீடியோவிலும் பார்க்க முடிகிறது, காட்பாடி ரயிலைப் பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் அதைப் பார்ப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள், கட்டு படிக்காமல் பார்த்தால் அங்கே என்ன பேசுகிறார்கள் என்றே பிடிபடாது. எங்கள் ஆபீசில் பழைய கட்டுகள் பரணில் இருக்கின்றன, தூசி அலர்ஜி இல்லாதவர்கள் சனிக்கிழமை மதியத்துக்கு மேல் வரலாம்.